டாஷ்போர்டு கசிவைக் காட்டுகிறது, அடைப்பது யார்? டிஜிட்டல் தயார்நிலையும் பசுமைப் பணிமுறைகளும்

நீர்மட்டம் எழுதியது:

நான் நிலைத்தன்மை அறிக்கை தயாரிக்கும் குழுவில் இருக்கிறேன். அடுத்த மூன்றாண்டுத் திட்டத்துக்காக நிர்வாகம் இரண்டு ஆவணம் கேட்டிருக்கிறது. டிஜிட்டல் தயார்நிலை பற்றி ஐடி எழுத வேண்டும், பசுமைப் பணிமுறைகள் பற்றி எச்ஆர் எழுத வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து முன்னுரை எழுதுவது என் தலையில் விழுந்திருக்கிறது. வந்த வரைவுகளைப் படித்துவிட்டுத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். ஐடி வரைவில் சென்சார், கிளவுட், டாஷ்போர்டு எல்லாம் இருக்கிறது, ஆனால் ஒரு ஆள்கூட இல்லை. எச்ஆர் வரைவில் மரம் நடும் நாள், பிளாஸ்டிக் இல்லாத கேண்டீன், விழிப்புணர்வு வகுப்பு எல்லாம் இருக்கிறது, ஒரு எண்கூட இல்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டும் தனித்தனியாக நின்றால் ஒரு நிறுவனத்தின் மின்கட்டணம்கூட அசையாது. எங்கே வீணாகிறது என்பதைக் கருவி காட்டும், அதை நிறுத்துவதற்கு வேலை தெரிந்த, நிறுத்த அதிகாரம் உள்ள, அதற்கென்று நேரம் ஒதுக்கப்பட்ட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று எழுதாத வரை டிஜிட்டல் தயார்நிலை என்பது வாங்கிய சாமான்களின் பட்டியல்தான். உங்கள் இடங்களில் இது எப்படி நடக்கிறது? பொதுவான பேச்சு வேண்டாம், எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று சொல்லுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

பராமரிப்புப் பிரிவில் இருப்பவன் என்ற முறையில் நான் முதலில் சொல்கிறேன். மெஷின்களை இயக்க கம்ப்ரசர் அழுத்தி அனுப்பும் காற்றை, அதாவது அழுத்தக்காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பு சரியில்லாத இடங்களில் கம்ப்ரசர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் கசிவிலேயே போய்விடும் என்று அமெரிக்க எரிசக்தித் துறையின் வழிகாட்டிகள் ரொம்ப காலமாகச் சொல்கின்றன. எங்கள் ஆலையில் பிரதான லைனில் ஃப்ளோ மீட்டர் மாட்டினார்கள். உற்பத்தி நிற்கும் இரவில் அந்த வரைபடம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. ஒரு மெஷினும் ஓடாத நேரத்திலும் கம்ப்ரசர் விட்டு விட்டு லோடு எடுத்துக்கொண்டிருந்தது. மேலே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அந்த வரைபடம் ஒரு பெரிய கண்டுபிடிப்பு. எங்கள் ஆட்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்த விஷயம், கேட்டவர்தான் யாருமில்லை.

கசிவு எங்கே என்று அந்த மீட்டர் சொல்லாது. குயிக் கப்ளர், ஹோஸ் கிளாம்ப், ஃபில்டர் ரெகுலேட்டருக்குக் கீழே இருக்கும் டிரெயின், பழைய சிலிண்டரின் சீல், இவைதான் வழக்கமான இடங்கள். பகலில் மெஷின் சத்தத்தில் காதுக்கு எட்டாது, காதுக்குக் கேட்காத ஒலியைப் பிடிக்கும் அல்ட்ராசோனிக் டிடெக்டர் வைத்துக்கொண்டு நடந்தால் அகப்படும், சந்தேகமாக இருந்தால் சோப்புத் தண்ணீர். சரி, கண்டுபிடித்து டேக் கட்டினோம். அப்புறம் என்ன? ஒவ்வொன்றுக்கும் வேலை ஆணை போட வேண்டும், உற்பத்தித் திட்டக்காரர் நேரம் தர வேண்டும், கப்ளர் ஸ்டோரிலிருந்து வர வேண்டும். டேக்கில் எழுதிய மை மங்குகிற வரைக்கும் கசிவு அப்படியே இருந்தது.

மாறியது எப்போது என்றால், லைனை நிறுத்தாமல் முடிக்கக்கூடிய சின்னக் கசிவுகளை வேலை ஆணை இல்லாமலே ஃபிட்டர் அடைக்கலாம் என்று எழுத்தில் அனுமதி கொடுத்தபோதுதான். கூடவே கப்ளர், சீல், கிளாம்ப் எல்லாம் தளத்திலேயே ஒரு ரேக்கில் வைத்தார்கள், வாரத்தில் ஒரு ஷிப்டில் அதற்கென்று நேரமும் ஒதுக்கினார்கள். மீட்டர் அதே மீட்டர்தான். இரவு வரைபடம் இறங்க ஆரம்பித்தது.

புதுவரவு எழுதியது:

மேலாண்மை படிக்கும் மாணவன். எங்கள் பாடத்தில் "பசுமை மனிதவளம்" என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது, அதில் இந்த ரேக் மாதிரி ஒரு விஷயம்கூட இல்லை. ஃபிட்டருக்கு அனுமதி கொடுப்பதும் பசுமைப் பணிமுறைக்குள் வருமா?

ஆள்சேர்ப்பு எழுதியது:

வரும். உங்கள் பாடத்தில் திறன், ஊக்கம், வாய்ப்பு என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லியிருப்பார்கள், ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்தும் சட்டகம் அது. ஆளுக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும், செய்ய வேண்டும் என்று தோன்ற வேண்டும், செய்ய இடம் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். எச்ஆர் துறையில் இருந்துகொண்டே சொல்கிறேன், நாங்கள் முதல் இரண்டிலேயே நின்றுவிடுகிறோம். பயிற்சி நடத்துவது எளிது, கையெழுத்துத் தாள் இருக்கிறது, படம் எடுக்கலாம், விருதும் கொடுக்கலாம். மூன்றாவதைத் தொட்டால் உற்பத்தித் தலைவரோடும் கொள்முதல் பிரிவோடும் உட்கார்ந்து அதிகாரப் பங்கீட்டைப் பேச வேண்டும். இரவுப்பணி சொன்ன எழுத்து அனுமதி, ரேக், ஒதுக்கிய நேரம் மூன்றும் அந்த வாய்ப்புக்குள்தான் வரும்.

ஐஎஸ்ஓ தரநிலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாலும் இது தெரியும். சுற்றுச்சூழலுக்கான 14001, 2015 பதிப்பில், தகுதி, விழிப்புணர்வு இரண்டும் தனித்தனிப் பிரிவாக இருக்கின்றன. ஆட்கள் மேம்பாட்டுக்குப் பங்களிக்க வழி இருக்க வேண்டும் என்பது உள்தொடர்பு என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியாக வருகிறது. பணியிடப் பாதுகாப்புக்கான 45001 தரநிலை 2018இல் வந்தது, அதில் தொழிலாளர்களைக் கலந்தாலோசிப்பதும் அவர்கள் பங்கேற்பதும் தனிப் பிரிவாகவே வந்துவிட்டது. பாதுகாப்பில் ஆபத்தான வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்பது பல இடங்களில் பழகிப்போன விஷயம். வீணாவதை நிறுத்தும் உரிமை இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை.

முனையச்சாளரம் எழுதியது:

ஐடி பக்கத்திலிருந்து ஒரு மறுப்பு. எல்லாவற்றுக்கும் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவது சரியான வழி இல்லை. கருவியே பார்த்து கருவியே சரிசெய்ய முடிகிற இடத்தில் மனிதரின் பழக்கத்தை நம்பி ஏன் இருக்க வேண்டும்? கூகுளும் டீப்மைண்டும் 2016இல் சொன்னது நினைவிருக்கும், தரவு மையக் குளிரூட்டலுக்குச் செலவாகும் மின்சாரத்தை இயந்திரக் கற்றல் மூலம் 40 சதவீதம் வரை குறைத்தார்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். விசிறிக்கும் பம்புக்கும் வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் போடுங்கள். காற்றாடி விதிப்படி மின்தேவை வேகத்தின் முப்படியில் மாறுகிறது, வேகத்தை 80 சதவீதத்துக்கு இறக்கினால் மின்தேவை ஏறத்தாழ பாதியாகிவிடும். யாரும் உறுதிமொழி எடுக்கத் தேவையில்லை. "விளக்கை அணையுங்கள்" என்று ஒட்டுகிற காகிதத்தைவிட ஆள்நடமாட்ட சென்சார் எத்தனையோ மேல்.

இரவுப்பணி எழுதியது:

டிரைவ் போடுங்கள், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஆறு மாதம் கழித்து வந்து பேனலைத் திறந்து பாருங்கள். ஆட்டோவில் இருக்க வேண்டிய சுவிட்ச் மேனுவலில் நிற்கும், வேகம் நூறு சதவீதத்தில் நிற்கும். ஒருநாள் யாரோ அறை சூடாக இருக்கிறது என்று புகார் சொன்னார்கள், ஷிப்டில் இருந்தவர் மேனுவலுக்கு மாற்றினார், திருப்பிப் போடுவது யார் வேலை என்று எங்கேயும் எழுதவில்லை. வெப்பநிலை சென்சார் வெயில் படும் சுவரில் இருந்தால் அது பொய் சொல்லும், தானியங்கி அந்தப் பொய்யை நம்பி ஓடும். கட்டட மேலாண்மை மென்பொருளில் அலாரம் வரிசையாகச் சிவப்பாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், பாதிக்கு மேல் யாரும் திறந்தே பார்க்காதவை. தானியங்கி வைத்தாலும் ஆள் வேலை போய்விடுவதில்லை, வேறு மாதிரி ஆகிறது, முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல் அறிவு கேட்கும் வேலையாகிறது. அதற்குப் பயிற்சி கொடுத்தார்களா என்று பார்த்தால், டிரைவ் விற்ற நிறுவனத்தின் ஆள் வந்து அரை நாள் பேசிவிட்டுப் போயிருப்பார், அன்றைக்கு இரவு ஷிப்டில் இருந்தவர்களுக்கு அதுவும் கிடைத்திருக்காது.

பேரேடு எழுதியது:

கார்பன் கணக்குப் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். பசுங்குடில் வாயுக் கணக்குக்கு உலகெங்கும் பயன்படும் விதிமுறையான ஜிஎச்ஜி புரோட்டோகால், உமிழ்வை மூன்று ஸ்கோப்பாகப் பிரிக்கிறது. சொந்தக் கொதிகலன், சொந்த வண்டி எரிப்பது முதலாவது, வாங்கும் மின்சாரமும் நீராவியும் இரண்டாவது, மற்றபடி வழங்குநர், போக்குவரத்து, பொருளை வாங்கியவர் பயன்படுத்துவது என்று மேலும் கீழும் நீள்வது மூன்றாவது. ஸ்கோப் 3க்கான தனித் தரநிலை 2011லேயே வந்துவிட்டது. நிலைத்தன்மை அறிக்கைக்கான சர்வதேசத் தரநிலை வாரியமான ஐஎஸ்எஸ்பி 2023 ஜூனில் வெளியிட்ட எஸ்2 என்ற காலநிலைத் தரநிலை மூன்று ஸ்கோப்பையும் கேட்கிறது. அதனால் இப்போது எல்லோரும் உமிழ்வைக் கணக்கிடும் மென்பொருள் வாங்குகிறார்கள்.

உள்ளே போகும் எண் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஜெனரேட்டருக்கு டீசல் எவ்வளவு வந்தது என்பதைக் கேட்டில் இருப்பவர் நோட்டில் எழுதுகிறார், மாதக் கடைசியில் இன்னொருவர் எக்செல்லில் ஏற்றுகிறார், அவர் லிட்டரில் போட்டாரா பீப்பாயில் போட்டாரா என்று மூன்றாமவர் ஊகிக்கிறார். எரிவாயு ரசீது ஒரு இடத்தில் கன மீட்டரில், இன்னொரு இடத்தில் கிலோவாட் மணியில். ஸ்கோப் 3இல் பெரும்பாலானவர்கள் செலவழித்த தொகையை, இவ்வளவு செலவுக்கு இவ்வளவு உமிழ்வு என்ற ஒரு காரணியால் பெருக்கிப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் விலை ஏறும்போது உமிழ்வும் ஏறியதாகக் காட்டும், கார்பன் குறைவாக உள்ள பொருளைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினால் தண்டனை மாதிரி கணக்கு வரும். உண்மையான எடையும் தூரமும் வேண்டுமென்றால் கொள்முதலில் இருக்கிறவர் வழங்குநரிடம் கேட்டு வாங்க வேண்டும். அதை யார் பணிவிவரத்தில் எழுதியிருக்கிறார்கள்?

தணிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வியே இந்த எண்ணுக்கு யார் பொறுப்பு என்பதுதான். மென்பொருளின் பெயரைச் சொல்லித் தப்ப முடியாது.

ஆள்சேர்ப்பு எழுதியது:

எண்ணும் ஆளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. 2014இல் வர்ஜின் அட்லாண்டிக் விமான நிறுவனத்தில் 335 கேப்டன்களை வைத்து நடத்தியது. மூன்று பழக்கங்களை அளந்தார்கள்: புறப்படுமுன் எரிபொருள் அளவைக் கடைசி எடைக்கு ஏற்பச் சரிபார்ப்பது, வானில் சிக்கனமாகப் பறப்பது, தரையிறங்கிய பின் ஒரு எஞ்சினை நிறுத்திவிட்டு மெதுவாக ஓட்டி வருவது. ஒரு குழுவுக்கு அளக்கிறோம் என்று மட்டும் சொன்னார்கள். அடுத்த குழுவுக்கு மாதாமாதம் அவரவர் எண்ணை அனுப்பினார்கள். மூன்றாவது குழுவுக்கு எண்ணோடு தனி இலக்கும் கொடுத்தார்கள். நான்காவது குழுவுக்கு, இலக்கை எட்டினால் அவர்கள் பெயரில் ஒரு தொண்டு அமைப்புக்குச் சிறு நன்கொடை.

அளக்கிறோம் என்று தெரிந்ததுமே எல்லாக் குழுவிலும் பழக்கம் மாறியது, இலக்கு வாங்கியவர்கள் இன்னும் முன்னே போனார்கள், நன்கொடை பெரிதாக ஒன்றும் கூட்டவில்லை. ஊதியத்தில் கை வைக்கவே இல்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, அளந்த மூன்றும் கேப்டன் தானே முடிவெடுக்கக்கூடியவை என்பதுதான். எஞ்சினை நிறுத்தலாமா என்று அவர் யாரிடமும் வேலை ஆணை கேட்கத் தேவையில்லை. எண்ணைப் பார்த்தவரும் முடிவெடுப்பவரும் ஒரே ஆள். அதனால்தான் ஒரு கடிதத்துக்கே அவ்வளவு வலு இருந்தது.

புதுவரவு எழுதியது:

படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. கேப்டனுக்கு மதிப்பு இருக்கிறது, அவரிடம் மரியாதையாகக் கடிதம் போகும். சரக்கு வண்டி ஓட்டுநருக்கு என்ன போகும்? என் அண்ணன் வண்டியில் டெலிமேடிக்ஸ் இருக்கிறது, வண்டி எங்கே எப்படி ஓடுகிறது என்று பதிவு செய்து அனுப்பும் கருவி. வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டால், சட்டென்று பிரேக் போட்டால் புள்ளி குறைகிறது, எரிபொருள் மிச்சம் என்று சொல்லித்தான் மாட்டினார்கள். இப்போது அந்தப் புள்ளியை வைத்துத்தான் யாருக்கு நல்ல டிரிப் என்று முடிவு செய்கிறார்கள். சரக்கு ஏற்றுமிடத்தில் மணிக்கணக்கில் காக்க வைக்கிறார்கள், அந்த நேரம் கேபினில் வெயில் தாங்காமல் எஞ்சினை ஓட விட்டால் குற்றம் அவருடையது. காக்க வைத்தவரின் டாஷ்போர்டில் ஒன்றும் ஏறுவதில்லை.

இரவுப்பணி எழுதியது:

தம்பி, இந்த இழையிலேயே சரியான கேள்வி இதுதான். அண்ணன் கையில் இல்லாத ஒன்றுக்கு அண்ணனை அளக்கிறார்கள். காத்திருப்பு நேரத்தைச் சரக்கு ஏற்றும் இடத்தின் கணக்கில் ஏற்ற வேண்டும், அது அந்த டெலிமேடிக்ஸ் தரவிலேயே இருக்கும், எடுத்துப் பார்க்க மனம் இருந்தால் போதும். எங்கள் இடத்தில் கசிவு மீட்டர் வந்தபோது நாங்கள் முதலில் கேட்டது, இதை ஆள் வாரியாகப் பார்ப்பீர்களா, லைன் வாரியாகப் பார்ப்பீர்களா என்று. லைன் வாரியாக மட்டும், அப்ரைசலில் சேர்க்க மாட்டோம் என்று தொழிற்சங்கத்தோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டார்கள். அது எழுதியிராவிட்டால் ஒருவரும் கசிவை டேக் கட்டியிருக்க மாட்டார்கள். தன் பகுதியில் கசிவு இருக்கிறது என்று யார் போய்ச் சொல்வார்?

நீர்மட்டம் எழுதியது:

இதைக் குறித்துக்கொண்டேன். தரவை எதற்குப் பயன்படுத்துவோம், எதற்குப் பயன்படுத்த மாட்டோம் என்பது கருவி வாங்கும் முன்னால் எழுதப்பட வேண்டும், வாங்கிய பிறகு எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பேரேடு எழுதியது:

டிஜிட்டல் என்றாலே பசுமை என்று எழுதும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2024இல் தரவு மையங்கள் ஏறத்தாழ 415 டெராவாட் மணி மின்சாரம் எடுத்தன, உலக மின்பயன்பாட்டில் 1.5 சதவீதம். 2030க்குள் அது இரண்டு மடங்குக்கும் மேலாகும் என்பது அவர்களின் மதிப்பீடு. மின்கழிவு 2022இல் 6 கோடியே 20 லட்சம் டன், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான் என்று ஐநாவின் உலக மின்கழிவுக் கண்காணிப்பு அறிக்கை சொல்கிறது. உங்கள் "தயார்நிலை" ஆவணத்தில் புதிய லேப்டாப், புதிய சர்வர் என்று எத்தனை வரி இருக்கிறதோ, அத்தனையும் உங்களுடைய ஸ்கோப் 3.

முனையச்சாளரம் எழுதியது:

இதில் எனக்கு மறுப்பில்லை. அலுவலக லேப்டாப்பின் ஆயுட்கால உமிழ்வில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே முடிந்துவிடுகிறது, நாம் பயன்படுத்தும்போது எடுக்கும் மின்சாரம் சின்னப் பகுதி. அதனால் "ஆற்றல் சிக்கனமான புது மாடல்" என்று சொல்லி நன்றாக ஓடுகிற மெஷினை மாற்றுவது பெரும்பாலும் நஷ்டக் கணக்கு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தபோது, விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எத்தனையோ நல்ல கணினிகள் ஓரம் கட்டப்பட்டன. அங்கே பாட்டரி, மெமரி மாற்றத் தெரிந்த ஆள், லினக்ஸ் போட்டு வேறு வேலைக்குத் திருப்பத் தெரிந்த ஆள் நிறுவனத்துக்குள் இருந்தாரா என்பதே கேள்வி. பல இடங்களில் அந்த வேலையை வெளியே கொடுத்துவிட்டார்கள், பழுது பார்க்கும் கையே உள்ளே இல்லை. மாற்றுவதற்குப் பட்ஜெட் இருக்கும், பழுது பார்ப்பதற்கு இருக்காது.

வீட்டிலிருந்து வேலை பற்றியும் ஒரு வார்த்தை, எச்ஆர் வரைவில் கட்டாயம் வரும் என்பதால். 2023இல் அமெரிக்கப் பணியாளர்களை வைத்துக் கார்னெல் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் செய்த ஆய்வில், முழுநேரம் வீட்டிலிருந்து வேலை செய்வோரின் கார்பன் தடம் 54 சதவீதம் வரை குறையலாம் என்று வந்தது. வாரத்தில் இரண்டு முதல் நான்கு நாள் என்றால் 11 முதல் 29 சதவீதம். ஒரே ஒரு நாள் என்றால் 2 சதவீதம். என் பார்வையில் ஒரு காரணம், அந்த ஒரு நாளுக்காக அலுவலகத்தில் ஒரு தளத்தையும் யாரும் மூடுவதில்லை, ஏசி அதே மாதிரி ஓடும். வாரம் ஒரு நாள் அனுமதி கொடுத்துவிட்டு அதைப் பசுமைத் திட்டம் என்று அறிக்கையில் போடாதீர்கள்.

கரைமேடு எழுதியது:

கொஞ்சம் கசப்பான பேச்சு. நீங்கள் எல்லோரும் கம்ப்ரசரையும் லேப்டாப்பையும் பேசுகிறீர்கள், நிறுவனம் விற்கும் பொருளே கெடுதல் என்றால்? 3எம் நிறுவனம் 1975லேயே மாசைத் தடுப்பதே லாபம் என்ற பெயரில் திட்டம் தொடங்கியது. தொழிலாளர்களும் பொறியாளர்களும் யோசனை சொல்ல வேண்டும், மாசு உருவாகும் இடத்திலேயே அதைக் குறைக்க வேண்டும், இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் வருகிற நல்ல திட்டம். அதே நிறுவனம் பல பத்தாண்டுகளாக பிஎஃப்ஏஎஸ் வேதிப்பொருள்களைத் தயாரித்தது, மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாமல் தங்கும் அவற்றின் உற்பத்தியை 2025 முடிவுக்குள் நிறுத்துவதாக 2022 டிசம்பரில்தான் அறிவித்தது. தளத்தில் இருக்கிறவர்களின் யோசனைப் பெட்டிக்குள் அந்தக் கேள்வி நுழையவே முடியாது, அது இயக்குநர் குழுவின் முடிவு.

நீர்மட்டம் எழுதியது:

உண்மை. இதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. பொருளே தவறு என்றால் பணிமுறை அதைச் சரிசெய்யாது. ஆனால் மாற்றும் முடிவு மேலே எடுக்கப்பட்ட பிறகு அதை நடத்திக் காட்டுவது கீழே இருக்கிறவர்கள்தான். கம்பள ஓடு தயாரிக்கும் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தில் ரே ஆண்டர்சன் 1994இல் திசையை மாற்றினார், 2020க்குள் சுற்றுச்சூழல் பாதிப்பைப் பூஜ்யமாக்குவது என்று இலக்கு வைத்தார். முடிவு அவருடையது, கழிவைத் தேடிக் குறைத்தது ஆலைகளில் அமைத்த தொழிலாளர் குழுக்கள். கரைமேடு சொன்னதை முன்னுரையிலேயே சேர்க்கப் போகிறேன்: இந்தத் திட்டம் எதைத் தொடாது என்று வெளிப்படையாக ஒரு பத்தி.

மற்றபடி இரண்டு ஆவணத்தையும் ஒன்றாக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். ஐடி வாங்க நினைக்கும் ஒவ்வொரு சென்சாருக்கும் மென்பொருளுக்கும் எதிரில் இந்த எண்ணைத் தினமும் பார்ப்பவர் யார், பார்த்துவிட்டு யாரையும் கேட்காமல் என்ன செய்யலாம், அதற்கு ஷிப்டில் எவ்வளவு நேரம், எந்தப் பயிற்சி, இந்தத் தரவு எதற்குப் பயன்படாது என்று நிரப்பச் சொல்வேன். அந்த வரி காலியாக இருந்தால் வாங்க வேண்டாம். மரம் நடும் நாளை எடுக்கச் சொல்ல மாட்டேன், நடட்டும், அதைத் திட்டத்தின் பலனாக எண்ண மாட்டோம், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று, இரவுப்பணிக்கு. ஒரே ஒரு மீட்டருக்குத்தான் இந்த ஆண்டு அனுமதி என்றால் எங்கே மாட்டச் சொல்வீர்கள்?

இரவுப்பணி எழுதியது:

மாட்டுவதற்கு முன்னால் காசில்லாமல் ஒன்று செய்யுங்கள். உற்பத்தி இல்லாத ஒரு இரவில் இருக்கிற பிரதான மின்மீட்டரை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதச் சொல்லுங்கள். ஒன்றும் நடக்காத இடத்தில் எவ்வளவு ஓடுகிறது என்று தெரியும். அப்புறம் பேனல் பேனலாக, கம்பியைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தால் எது இழுக்கிறது என்று பிரிந்துவிடும், எலக்ட்ரீஷியன் கூட இருக்க வேண்டும், தனியாக யாரையும் அனுப்பாதீர்கள். எது அதிகம் இழுக்கிறதோ அதில் சப்-மீட்டரைப் போடுங்கள். கம்ப்ரசர் இருக்கிற இடமாக இருந்தால் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும், இல்லையென்றால் குளிரூட்டலுக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர். மீட்டரின் திரையை மேலாளர் அறையில் வைக்காமல் ஷிப்ட் மாறும் இடத்தில் வையுங்கள், போகிறவரும் வருகிறவரும் ஒரே நேரத்தில் பார்க்கட்டும். ஸ்பேர் ரேக்குக்கான கொள்முதல் ஆணையை மீட்டருக்கான ஆணையோடேயே போட்டுவிடுங்கள், தனியாகப் போட்டால் அது வந்து சேராது.